எக்ஸிமாவுக்கு லைட் வைக்கிறாங்களா? கார்டுல எழுதியிருக்கற டோஸ் உங்களோடதுதானா?

கொஞ்சம் நீளமான இழை. டீயை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

"டாக்டர், எக்ஸிமாவுக்கு மெடிக்கல் காலேஜ்ல லைட் வைக்கச் சொல்லியிருக்காங்க. அது சூரிய வெளிச்சம் மாதிரிதானாமே? அதுக்கு எதுக்கு நான் வாரம் மூணு நாள் ரெண்டு பஸ் மாறிப் போகணும்? மொட்டை மாடியில நின்னா ஆகாதா?"

போன மாசம் இன்பாக்ஸ்ல வந்த கேள்வி. ஓபியில இதையே வேற வேற வார்த்தையில கேக்கறாங்க. நியாயமான கேள்விதான்.

பதிலுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் தோல் நோய் நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு ஒரு அரசு தாலுகா மருத்துவமனையில வேலை பார்க்கறவன். லைட் வைக்கலாமா, எவ்வளவு வைக்கலாம்னு முடிவு பண்றது தோல் டாக்டர். ஆனா இங்கேயிருந்து அங்க அனுப்பறது நான். பாதியில விட்டுட்டுத் திரும்பி வர்றவங்களும் என்கிட்டதான் வர்றாங்க. "ஏம்மா விட்டுட்டீங்க?" "ஏண்ணே போகல?" இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்கு.

லைட் நல்ல வைத்தியம். அதை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்தாம, சுவர்ல ஒட்டியிருக்கற அட்டவணைப்படி ஏத்திக்கிட்டே போறப்பதான் அது கெட்டுப்போகுது. சிலருக்கு எரிஞ்சு போகுது, பலருக்குப் போதாமலே போகுது. ரெண்டு தரப்பும் "லைட்டு எனக்கு ஒத்துக்கல டாக்டர்"னு ஒரே வாக்கியத்தைத்தான் சொல்றாங்க.

முதல்ல மொட்டை மாடி.

எக்ஸிமான்னு இங்க நான் சொல்றது அடோபிக் எக்ஸிமாவை. நம்ம ஊர்ல கரப்பான்னு சொல்வாங்க. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, கழுத்து. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு தோல் யானைத்தோல் மாதிரி தடிச்சுப் போகும். ஆயின்மென்ட்டுக்கு அடங்காத பெரியவங்களுக்குத்தான் பொதுவா லைட் சொல்வாங்க. இன்னைக்குப் பெரும்பாலும் வைக்கறது நேரோபேண்ட் யுவிபி. புற ஊதா கதிர்கள்ல 311 நேனோமீட்டரை ஒட்டின ஒரு மெல்லிய பட்டை மட்டும். தோலுக்குள்ள கோபத்துல நிக்கிற நோய் எதிர்ப்பு செல்களை அது அமைதிப்படுத்துது.

சூரியன்ல அந்தப் பட்டையும் இருக்கு, கூட எல்லாமும் இருக்கு. தரைக்கு வர்ற புற ஊதாவுல 95 சதவீதம் அளவுக்கு யுவிஏ. அதுக்கு மேல வெப்பம், வியர்வை. எக்ஸிமாக்காரருக்கு வியர்வை பட்டா என்ன ஆகும்னு அவங்களைக் கேட்டுப் பாருங்க. "காலை ஏழு மணி இளவெயில்ல நில்லு"னு பெரியவங்க சொல்வாங்க. இதமா இருக்கும், ஆனா அந்த நேரத்துல யுவிபி ரொம்பக் குறைவு. யுவிபி நல்லா இருக்கற உச்சி வெயில்ல நின்னா மத்ததெல்லாம் சேர்ந்து தாக்கும். நேத்து மேகம், இன்னைக்கு வெயில். நீங்க வாங்கின டோஸ் என்னன்னு யாருக்கும் தெரியாது.

வெளிச்சத்தை மருந்தாக்கினதுக்காக 1903-ல நோபல் பரிசு வாங்கின டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சனே, தோல் காசநோய்க்குக் கார்பன் ஆர்க் விளக்கு வச்சு, வெப்பத்தைத் தண்ணியால வடிகட்டித்தான் கொடுத்தார். வெளிச்சம் மருந்தா ஆகணும்னா அளக்கத் தெரியணும். அளக்க முடியாததை வெயில்னுதான் சொல்லணும்.

அதனால மொட்டை மாடி வேண்டாம். பஸ் ஏறுங்க. ஆனா பஸ் ஏறிப் போற இடத்துல அளவு சரியா இருக்கான்னு பாருங்க. அதுதான் மீதி இழை முழுக்க.

டோஸ்னா என்ன? ஒரு சதுர சென்டிமீட்டர் தோல்ல எவ்வளவு சக்தி விழுதுங்கறது. மில்லிஜூல்ல எழுதுவாங்க. உங்க கார்டுல 300, 330, 360 இப்படி ஏறிக்கிட்டே போகும் பாருங்க, அதுதான். மெஷின் எத்தனை விநாடி எரியணும்கறது விளக்கோட பலத்தைப் பொறுத்தது. டோஸை விளக்கோட பலத்தால வகுத்தா விநாடி வரும்.

கணக்கு ரொம்ப சுலபம். விளக்கு 5 மில்லிவாட் கொடுத்தா, 300 மில்லிஜூலுக்கு 60 விநாடி. ட்யூப் பழசாகி 4 மில்லிவாட்டுக்கு இறங்கிடுச்சுன்னா 75 விநாடி. புது ட்யூப் மாட்டி 6 ஆயிடுச்சுன்னா 50 விநாடி போதும்.

இப்போ யோசிங்க. மெஷின் தானா அளந்து நிறுத்தற வகை இல்லை. ட்யூப் மாத்தின அன்னைக்கு யுவி மீட்டர் வச்சு யாரும் அளக்கல. பழைய 75 விநாடியையே போட்டா? 450 மில்லிஜூல். கார்டுல 300-னுதான் இருக்கும். தோலுக்கு ஒண்ணரை மடங்கு விழுந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி அந்த மனுஷன் தூங்க மாட்டார். மறுவாரம் வரவும் மாட்டார்.

அதனால, ஆளுக்கேத்த டோஸ்னு நான் சொல்றது ஏதோ ஜீன் டெஸ்ட் எடுத்து வெளிநாட்டு ஆஸ்பத்திரியில பண்ற சமாச்சாரம் இல்லை. முதல் படி, விளக்கை ஒழுங்கா அளக்கறது.

ரெண்டாவது படி, எங்க ஆரம்பிக்கறது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, சோதிச்சுப் பார்க்கறது. முதுகுல வெயில் படாத இடத்துல சின்னச் சின்ன கட்டமா, ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கூடுதல் டோஸ். 24 மணி நேரம் கழிச்சு எந்தக் கட்டம் லேசா சிவந்திருக்குன்னு பார்க்கணும். அந்த அளவுல ஏறக்குறைய 70 சதவீதத்துல தொடங்குவாங்க. இது உங்க தோல்கிட்டயே நேரா கேக்கறது. புத்தகப்படி இதுதான் மேல்.

இன்னொண்ணு, தோல் வகைப்படி. பாஸ்டன்ல தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு தோல் டாக்டர் 1975-ல உண்டாக்கின பிரிவு. வெயில்ல நின்னா எரியுமா, கருக்குமா? அதை வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சுவாரஸ்யம் என்னன்னா, லைட் டோஸ் முடிவு பண்றதுக்காகவே, வெள்ளைத் தோல்காரங்களைப் பார்த்துச் செஞ்ச பிரிவு அது. நம்ம மாதிரி மாநிறம், கருப்பு எல்லாம் அஞ்சு, ஆறுன்னு அப்புறம் சேர்த்தது. பழுப்புத் தோல் மொத்தத்துக்கும் ஒரு பெட்டி, கருந்தோல் மொத்தத்துக்கும் ஒரு பெட்டி. உலகத்துல பாதிப் பேரை ரெண்டு பெட்டியில அடைச்சாச்சு! ஒரே பெட்டிக்குள்ள இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் தாங்கற டோஸ் இன்னொருத்தரை விட ரெண்டு மடங்குக்கு மேலேயும் இருக்கலாம்.

அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொரியாசிஸுக்குக் கொடுத்த அட்டவணையில நாலாம் வகைக்கு 330, அஞ்சாம் வகைக்கு 350, ஆறாம் வகைக்கு 400 மில்லிஜூல்னு தொடக்க டோஸ் இருக்கு. உடனே உங்க கார்டை எடுத்து ஒப்பிடாதீங்க. நான் இதைச் சொல்றது வேற விஷயத்துக்கு.

அது சொரியாசிஸ் அட்டவணை. சொரியாசிஸ் தோல் தடிமனா, செதிலா, கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும். அடி தாங்கும். எக்ஸிமா தோல் ஏற்கெனவே சண்டையில இருக்கற தோல். வேலி பிஞ்சு போனது. அதே வேகத்துல ஏத்தினா அரிப்பு கிளம்பும், வறட்சி கூடும், நோய் ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் அடங்கும். அதனால எக்ஸிமாவுக்குக் கொஞ்சம் கீழ தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 20 சதவீதம்னு தாவாம 10 சதவீதம் மாதிரி மெதுவா ஏத்தறதுதான் நல்லதுன்னு அனுபவப்பட்ட தோல் டாக்டர்கள் சொல்வாங்க. ஒரே அறை, ஒரே மெஷின், ஒரே சுவர், அதுல ஒரே அட்டவணை. வரிசையில சொரியாசிஸ், வெண்புள்ளி, எக்ஸிமா மூணும் நிக்குது. மூணுக்கும் மூணு வேகம் வேணும்.

சரி, சோதிச்சுப் பார்க்கற வழியே மேல்னா எல்லாருக்கும் அதையே பண்ணலாமே? இங்கதான் நான் புத்தகத்தோட கொஞ்சம் முரண்படறேன்.

கட்டம் போட ஒரு நாள், பார்க்க மறுநாள். வைத்தியமே தொடங்காம ரெண்டு நாள் கூலி போச்சு. அதோட கருத்த தோல்ல லேசான சிவப்பைக் கண்டுபிடிக்கறது அவ்வளவு சுலபம் இல்லை. ட்யூப்லைட் வெளிச்சத்துல, அவசர ஓபியில, சத்தியமா கஷ்டம். வெயில் பட்டா ரொம்ப எரியறவங்க, சந்தேகமா இருக்கறவங்களுக்குக் கண்டிப்பா செய்யட்டும். மத்தபடி நம்ம அரசு ஆஸ்பத்திரிக்குத் தாழ்வா தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஆளைக் கேட்டு மாத்தறது போதும்னு நினைக்கறேன். ஆனா "கேட்டு"ங்கற அந்த வார்த்தை நடக்கணும். நிறைய இடத்துல நடக்கறது இதுதான்: கார்டை வாங்கறாங்க, போன தடவை 363, இந்தத் தடவை 399, உள்ள போங்க. அடுத்த ஆள்.

என்ன கேக்கணும்? "போன தடவை லைட் வச்ச அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு?"

ஏன் ராத்திரி? யுவிபி சூடு உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சுத் தொடங்கி 12-லேர்ந்து 24 மணி நேரத்துல உச்சத்துக்கு வரும். மெஷினை விட்டு வெளிய வரும்போது எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. தோல் பேசறது நடுராத்திரி, நீங்க வீட்டுல பாயில படுத்திருக்கும்போது. அதைக் கேக்கறதுக்கு அங்க டாக்டரும் இல்லை, டெக்னீஷியனும் இல்லை. நீங்க மட்டும்தான் சாட்சி. அதுவும் நம்ம நிறத்துல சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால, உங்க உணர்ச்சிதான் மீட்டர்.

அதுலயும் ஒரு சிக்கல். எக்ஸிமாக்காரருக்கு எப்பவுமே அரிப்பு இருக்கு. இது நோயோட அரிப்பா, லைட்டோட சூடான்னு எப்படிப் பிரிக்கறது? நான் சொல்லிக் கொடுக்கறது இது: நல்ல தோலைத் தொட்டுப் பாருங்க. எக்ஸிமா இல்லாத வயிறு, தோள்பட்டை. அதுவும் காந்துதா? தொட்டா வலிக்குதா? ஜட்டி எலாஸ்டிக் இருந்த இடத்துக்கு மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரின்னு கோடு போட்ட மாதிரி இருக்கா? அப்போ அது டோஸ் கூடினது. மடிப்புல, பழைய இடத்துல மட்டும் அரிக்குதுன்னா பெரும்பாலும் நோய், இல்லைன்னா வறட்சி. லைட் முடிஞ்ச உடனே மாய்ஸ்சரைசர் பூசினா வறட்சி பாதி அடங்கும்.

லேசா காந்தி மறுநாளே போயிடுச்சுன்னா பயமில்லை. ஆனா சொல்லுங்க. அடுத்த தடவை வர்றப்பவும் சூடு மிச்சம் இருந்தா டோஸை ஏத்தக்கூடாது. வலிச்சா, கொப்புளம் வந்தா, அன்னைக்கு லைட்டே வைக்கக்கூடாது. ஆறின அப்புறம் குறைச்சுத்தான் தொடங்கணும். சொல்லாம உள்ள போனா 399 விழும். டெக்னீஷியனுக்கு ஜோசியம் தெரியாது.

மூணாவது, ஆளோட வாழ்க்கை. எனக்கு ரொம்ப முக்கியமா படறது இது.

ரெண்டு பெண்களைக் கற்பனை பண்ணிக்கோங்க. ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சு வயசு, ஒரே மாநிறம், ஒரே அளவு எக்ஸிமா. ஒருத்தங்க ஜவுளிக்கடையில சேல்ஸ். காலையில இருட்டுல போய் ராத்திரி திரும்பறவங்க. வெயிலே பார்க்காத உடம்பு. இன்னொருத்தங்க நூறு நாள் வேலை, மிச்ச நாள் களையெடுப்பு. அட்டவணையில ரெண்டு பேரும் ஒரே வரி. லைட் வச்ச அன்னைக்கு மதியமே ரெண்டாவது அக்கா வயல்ல குனிஞ்சு நிக்கறாங்க. பின்கழுத்து, முன்கை, கால். மெஷின் கொடுத்ததுக்கு மேல சூரியன் வேற தனியா கொடுக்குது. அவங்களோட முன்கையும் முதுகும் ஒரே தோல் இல்லை. முன்கை பழகினது, முதுகு பழகாதது. லைட் வைக்கிற நாள்ல வெயில்ல நிக்காதீங்கன்னு எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுடுமா? நிக்காம இருந்தா சம்பளம் யார் கொடுப்பா? அப்போ மாறவேண்டியது டோஸும், அது வைக்கற நாளும்தான். மறுநாள் வேலை இல்லாத கிழமையா பார்த்து வைக்கலாம். இதைத் தெரிஞ்சுக்க ஒரே கேள்வி போதும்: "என்ன வேலை பார்க்கறீங்க?"

அடுத்தது வராத நாள். இதுல ஒரு கணக்கு இருக்கு, பொறுமையா படிங்க.

பல இடங்கள்ல விதி ஏறக்குறைய இப்படி: ஒரு வாரம் வரைக்கும் விட்டா அதே டோஸ். ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம் விட்டா 25 சதவீதம் குறைக்கணும். ரெண்டுலேர்ந்து மூணு வாரம் விட்டா பாதி. அதுக்கும் மேலன்னா மறுபடி அ, ஆ-ல இருந்து. விதி சரிதான். பழகின தோல் பழக்கத்தை மறந்துடும், பழைய டோஸ் போட்டா எரியும்.

வாரம் மூணு நாள் வரச்சொன்ன ஒருத்தர் 300-ல தொடங்கறார். 10 சதவீதமா ஏறி 330, 363, 399. நாலு தடவை. அதுக்குள்ள மேஸ்திரி "தினமும் லீவு போட்டா வேற ஆளைப் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டார். பத்து நாள் வரல. திரும்ப வந்தப்போ விதிப்படி 399-ல கால் பங்கு கழிச்சா? 300. எங்க தொடங்கினாரோ அங்கேயே. மறுபடி நாலு தடவை, மறுபடி லீவு, மறுபடி 300. மூணு மாசம் கழிச்சு என்கிட்ட வந்து, "20 தடவைக்கு மேல லைட் வச்சேன், ஒண்ணும் கேக்கல". வைத்தியம் கேக்காம இல்லை. வேலை செய்யற டோஸுக்கு அவர் ஏறவே இல்லை.

அதுவும் எவ்வளவு நேர வைத்தியம் தெரியுமா? மேல போட்ட கணக்குப்படி 300 மில்லிஜூல்னா ஒரு நிமிஷம். ஒரு நிமிஷ வெளிச்சத்துக்கு ஒரு நாள் கூலி. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். கூலி போறதுக்கு எந்தத் திட்டமும் இல்லை.

இவருக்கு முதல் நாளே வாரம் ரெண்டு நாள்னு எழுதியிருந்தா? 2001-ல லான்செட் இதழ்ல வந்த முக்கியமான எக்ஸிமா ஆய்வுலயே நேரோபேண்ட் யுவிபி வாரம் ரெண்டு தடவை, 12 வாரம்தான் கொடுத்தாங்க. சும்மா வெறும் வெளிச்சம் கொடுத்தவங்களை விட அவங்களுக்கு நோய் நல்லா குறைஞ்சது. வாரம் ரெண்டு தடவை, 10 சதவீதமா ஏறினா நாலு வாரத்துல எட்டாவது தடவை 580-ஐத் தாண்டிடும். மெதுவா, ஆனா மேல மட்டும் போற ஏணி. வர முடியாத மூணு நாளை விட வர முடிஞ்ச ரெண்டு நாள் எவ்வளவோ மேல். ஆனா "வாரத்துல எத்தனை நாள் உங்களால வர முடியும்?"னு கேட்டு எழுதின கார்டை நான் ரொம்பக் குறைவாதான் பார்த்திருக்கேன்.

இன்னும் ஒண்ணு கேப்பேன், கொஞ்சம் பேராசைன்னே வச்சுக்கோங்க. லைட் அறை காலை ஓபி நேரத்துல மட்டும் ஏன் திறந்திருக்கணும்? வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருந்தா பாதிப் பேருக்கு லீவே வேண்டாம். மெஷின் இருக்கு, கரண்ட் இருக்கு. ஒரு ஆளோட ட்யூட்டி நேரத்தை மாத்தணும், அவ்வளவுதான்.

இப்போ உங்க பக்கத்துல இருந்து டோஸைக் கெடுக்கற சில சமாச்சாரங்கள். திட்டறேன்னு நினைக்காதீங்க.

காலமைன் லோஷன். அரிப்புக்கு ரோஸ் கலர்ல பூசறோமே, அதுல இருக்கறது துத்தநாக ஆக்சைடு. சன்ஸ்கிரீன்ல இருக்கற அதே சரக்கு. அதைப் பூசிட்டு மெஷினுக்குள்ள போனா குடை பிடிச்சுக்கிட்டு மழையில குளிக்கற கதை. தடிமனா தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் அப்படியேதான், கொஞ்சமாச்சும் தடுக்கும். ஒரு நாள் பூசி ஒரு நாள் பூசாம போறது இன்னும் மோசம், பூசாத அன்னைக்கு முழு டோஸும் விழும். எல்லாம் லைட் முடிஞ்சு பூசுங்க.

குளியல் பொடி. நலங்கு மாவுல கார்போக அரிசி சேர்ப்பாங்க. அதுல சோரலென் இருக்கு. தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கற பொருள். இதே சோரலெனை மாத்திரையா கொடுத்து யுவிஏ வைக்கறது தனி வைத்தியமாவே இருக்கு. அப்போ யோசிங்க, டோஸ் எழுதின டாக்டருக்குத் தெரியாம நீங்க அதைத் தினமும் தேய்ச்சுக் குளிச்சா என்ன ஆகும்னு. லைட் முடியற வரைக்கும் அந்தப் பொடி வேண்டாம். நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் பூசினாலும் சொல்லிடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டாலும் சொல்லுங்க.

மாத்திரைகள். பிபிக்குக் கொடுக்கற ஹைட்ரோகுளோரோதையசைட், முகப்பருவுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கற டாக்ஸிசைக்ளின் எல்லாம் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கலாம். நடுவுல யாராவது புது மாத்திரை எழுதிக் கொடுத்தா அடுத்த தடவை சீட்டைக் காட்டுங்க. சைக்ளோஸ்போரின் சாப்பிடறவங்களுக்கு லைட் சேர்த்து வைக்கறதைப் பொதுவா தவிர்ப்பாங்க. அதைக் கண்டிப்பா சொல்லணும்.

உடுப்பு. முதல் நாள் எதைப் போட்டுக்கிட்டு நின்னீங்களோ அதே அளவு ஒவ்வொரு தடவையும். மூணு வாரமா மூடியிருந்த இடத்தை இன்னைக்குத் திறந்தா, அந்த இடத்துக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். மத்த இடத்துக்கு 585. அதுக்கும் 585. எரியும். பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தாலும் அதே கதை. மண்டையும் பின்கழுத்தும் புதுத் தோல். முருகனுக்கு வேண்டுதலை நிறைவேத்துங்க, அடுத்த தடவை டெக்னீஷியன்கிட்ட சொல்லி அந்த இடத்தை மூடிக்கோங்க. கண்ணாடி கட்டாயம். ஆண்கள் பிறப்புறுப்பை மூடியே ஆகணும். முகத்துல நோய் இல்லைன்னா முகத்தையும் மூடிக்கலாம்.

ஆயின்மென்ட். லைட் ஆரம்பிச்ச அன்னைக்கே ஆயின்மென்ட்டைத் தூக்கிப் போட்டுடறாங்க. லைட் வேலை செய்ய பல வாரம் ஆகும். அதுக்குள்ள நோய் பொங்கி, பழி லைட் மேல விழும். டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

யாருக்கு எந்த டோஸும் வேண்டாம்? லூபஸ் மாதிரி வெயில் பட்டாலே கிளம்பற நோய் இருக்கறவங்களுக்கு. நீர் வடிஞ்சு, சீழ் வச்சு, காய்ச்சலோட இருக்கற எக்ஸிமாவுக்கு முதல்ல கிருமியைப் பார்க்கணும். அப்புறம் எல்லாரும் மறந்துடற ஒண்ணு: பார்த்தீனியம். ரோட்டோரம் வெள்ளைப் பூ பூத்து நிக்குமே, அதுதான். அந்தச் செடி ஒவ்வாமையில முகம், கழுத்து, கை எல்லாம் தடிச்சு எக்ஸிமா மாதிரியே இருக்கும். அதுல சிலருக்கு வெளிச்சமே எதிரியாயிடும். வயசான விவசாயி, துணி மூடாத இடத்துல மட்டும் நோய்னா, லைட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை யோசிப்பேன். சிமென்ட் ஒவ்வாமை இருக்கற கொத்தனாருக்கும் அப்படித்தான். கை தினமும் சிமென்ட்லயே இருந்தா எத்தனை மில்லிஜூல் வச்சு என்ன?

புற்றுநோய் வருமான்னு கேப்பீங்க. கேக்கவேண்டிய கேள்விதான். ஸ்காட்லாந்துல நேரோபேண்ட் யுவிபி எடுத்த 3867 பேரைப் பார்த்து 2008-ல வந்த ஆய்வுல தோல் புற்றுநோய் கூடினதா தெளிவான தொடர்பு தெரியல. அவங்க நம்மை விட ரொம்ப வெளுத்த தோல்காரங்க. அதுக்காகக் கணக்கில்லாம வைக்கலாம்னு அர்த்தம் இல்லை. ஆயுசுக்கும் எத்தனை தடவை வச்சோம்னு கார்டுல இருக்கணும். நோய் அடங்கினா நிறுத்தணும். கார்டைத் தொலைக்காதீங்கன்னு இதுக்குத்தான் கெஞ்சறேன்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். எக்ஸிமாவுக்கான லைட் பத்தி 2021-ல வந்த காக்ரேன் தொகுப்பு 32 ஆய்வுகளை அலசிட்டு, பலன் இருக்கும் போல, ஆனா ஆதாரம் பலமா இல்லைன்னுதான் சொன்னது. எந்த டோஸ் முறை மேல்னு உறுதியா சொல்ற அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. என்னோட வாதம் அதுலேர்ந்தே வருது. அட்டவணை ஒண்ணும் வேதம் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு, எதிர்ல நிக்கற ஆளைக் கேக்காம அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு என்ன காரணம்?

காரணம் ஒண்ணு இருக்கு. என் நண்பர், தோல் பிரிவுல வேலை பார்க்கறவர், இதைச் சொன்னப்போ சிரிச்சார். "உனக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவே. காலையில 200 ஓபி. லைட்டுக்கு வரிசை வாசல் வரைக்கும். ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு கதை கேக்க முடியுமா?" முடியாதுதான். அவர் சொல்றதுல பொய் இல்லை.

அதனாலதான் கார்டுல கேள்வியை அச்சடிக்கச் சொல்றேன். தமிழ்ல, பெரிய எழுத்துல. போன தடவை ராத்திரி காந்துச்சா? எத்தனை நாள் இருந்துச்சு? புது மாத்திரை, புது மருந்து ஏதாவது? இன்னைக்கு வெயில்ல வேலையா? வரிசையில நிக்கற அரை மணி நேரத்துல அவங்களே டிக் அடிச்சுடுவாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல நிக்கறவங்க உதவுவாங்க, நம்ம ஊர் வரிசையில அதெல்லாம் சொல்லித் தரவேண்டியதே இல்லை. டெக்னீஷியன் பார்க்க அஞ்சு விநாடி. எல்லாம் "இல்லை"ன்னா ஏத்து. ஒண்ணு "ஆமா"ன்னா நிறுத்திக் கேளு. மாசம் ஒரு தடவை டாக்டர் பார்க்கட்டும். செலவு ஒரு அச்சடிச்ச அட்டை.

அட்டை வர்ற வரைக்கும் நீங்களே ஒரு காரியம் பண்ணலாம். லைட் வச்ச அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் காலையிலயும் போன்ல ஒரு வாய்ஸ் நோட் உங்களுக்கே போட்டுக்கோங்க. "எரியல", "தோள்பட்டை சூடா இருக்கு", அவ்வளவு போதும். அடுத்த தடவை உள்ள போறதுக்கு முன்னாடி, கேட்டாலும் கேக்காட்டியும், சொல்லிட்டுப் போங்க.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் ராத்திரி ட்யூட்டியில பதில் போடறேன். கார்டை போட்டோ எடுத்துப் போட்டு "டோஸ் சரியா டாக்டர்?"னு மட்டும் கேக்காதீங்க. உங்க முதுகைப் பார்க்காம அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.